ஏசிஎல் கிழிந்தது சரி, கூடவே மெனிஸ்கஸும் ஏன் போகிறது? (கபடி, வலது முட்டி, எம்ஆர்ஐ ரிப்போர்ட்)

இடதுகார்னர்

வணக்கம். வயது 24, தஞ்சாவூர் பக்கம். மாவட்ட அளவில் கபடி ஆடுகிறேன். போன மாதம் மேட்டில் (மண் தரை இல்லை, விரிப்பு) நடந்த போட்டியில் ரெய்டர் காலைப் பிடிக்கப் பாய்ந்தேன். பிடி கிடைக்கவில்லை, எழுந்து சட்டென்று திரும்பினேன். வலது பாதம் மேட்டிலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம். யாரும் என்மேல் விழவில்லை, யாரும் இடிக்கவும் இல்லை. வீடு வந்து சேர்வதற்குள் முட்டி வீங்கி, மடக்கவே முடியாமல் போய்விட்டது.

இப்போது வீக்கம் வடிந்துவிட்டது, நன்றாகவே நடக்கிறேன். ஆனால் படியில் இறங்கித் திரும்பும்போது இரண்டு தடவை முட்டி நழுவி, விழப் பார்த்தேன். எம்ஆர்ஐ எடுத்ததில் வந்தது இது: ஏசிஎல் (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார்) முழுக் கிழிசல். உள்பக்க மெனிஸ்கஸின் (எலும்புகளுக்கு நடுவே இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பு) பின்பகுதியில் ஓரத்தை ஒட்டி கிரேடு 3 கிழிசல். தொடை எலும்பின் வெளிப்பக்கக் குமிழிலும், கீழ்க்கால் எலும்பின் வெளிப்பக்கப் பின்விளிம்பிலும் எலும்புக்குள் ரத்தக்கட்டு.

டாக்டர் ஆபரேஷன் என்கிறார். மாமா புத்தூர் கட்டு போட்டால் போதும் என்கிறார். எனக்குத் தை மாதப் போட்டிகள்தான் கண்ணுக்குள் நிற்கின்றன. நடக்க முடிகிறவனுக்கு எதற்கு ஆபரேஷன்? ஒருத்தரும் இடிக்காமல் ஒரே நேரத்தில் இத்தனை எப்படிக் கிழியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நைட்டூட்டி_ஆர்த்தோ

தம்பி, நான் எம்எஸ் ஆர்த்தோ படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் முட்டியைத் தொட்டுப் பார்க்காமல் இதுதான் சிகிச்சை என்று சொல்ல மாட்டேன். ரிப்போர்ட்டைப் படிக்கக் கற்றுத்தர முடியும்.

இடுப்பு மூட்டில் பந்துமுனை கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. முட்டியில் அப்படி எந்தப் பூட்டும் கிடையாது. தொடை எலும்பின் அடியில் இரண்டு உருண்டைக் குமிழ்கள், அவை நிற்பது கீழ்க்கால் எலும்பின் ஏறக்குறைய தட்டையான மேல்தளத்தில். இரண்டும் விலகாமல் இருப்பது லிகமென்ட்களாலும் (எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்கள்) தசைகளாலும்தான். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு லிகமென்ட்: உள்பக்கம் எம்சிஎல், வெளிப்பக்கம் எல்சிஎல். மூட்டின் நடுவில் ஒன்றையொன்று குறுக்கே தாண்டிப் போகிறவை ஏசிஎல்லும் பிசிஎல்லும்.

ஏசிஎல் வெறும் 3 சென்டிமீட்டர் சொச்சம் நீளம். தொடை எலும்பின் வெளிக்குமிழின் உள்சுவரில் பின்னால் தொடங்கி, முன்னாலும் உள்பக்கமுமாகச் சாய்ந்து இறங்கி, கீழ்க்கால் எலும்பின் தளத்தில் முன்பகுதியில் ஒட்டுகிறது. அந்தச் சாய்வைப் பார்த்தாலே அதன் வேலை புரிந்துவிடும். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடிக்க வேண்டும், உள்பக்கமாக முறுகவும் விடக்கூடாது. உங்கள் பாதம் மேட்டில் நின்று, முட்டி லேசாக மடங்கி உள்பக்கம் சாய்ந்து, உடம்பு திரும்பியபோது இந்த இரண்டும் சேர்ந்தே நடந்தன. ஏசிஎல் கிழிசல்களில் பெரும்பாலானவை யாரும் இடிக்காமல்தான் நடக்கின்றன. ஓடிவந்து சட்டென நிற்பது, திரும்புவது, குதித்து இறங்குவது, இவ்வளவுதான்.

ரிப்போர்ட்டில் என் கண்ணுக்கு முதலில் பட்டது ரத்தக்கட்டு இருக்கும் இடம். கீழ்க்கால் தளத்தின் உள்பாதி லேசான பள்ளம், வெளிப்பாதி லேசான மேடு. அதனால் ஏசிஎல் அறுந்ததும் வெளிப்பாதிதான் அதிகமாக முன்னால் வழுக்குகிறது. அப்படி வழுக்கும்போது அதன் பின்விளிம்பு தொடை எலும்பின் வெளிக்குமிழில் போய் இடிக்கும். மேலே ஒரு ரத்தக்கட்டு, கீழே ஒரு ரத்தக்கட்டு. ரிப்போர்ட்டில் இந்த இரட்டைத் தடம் இருந்தால், எப்படி அடிபட்டது என்று ஆட்டக்காரர் சொல்லாவிட்டாலும் நாங்களே சொல்லிவிடுவோம்.

வீடு சேர்வதற்குள் வந்த வீக்கமும் ஒரு துப்பு. ஏசிஎல்லுக்குள் ரத்தக்குழாய் ஓடுகிறது, அறுந்தால் மூட்டுக்குள் ரத்தம் நிறையும். மெனிஸ்கஸ் மட்டும் கிழிந்தவர்களுக்குப் பெரும்பாலும் மறுநாள் காலையில்தான் வீக்கம் தெரியும், அது ரத்தம் இல்லை, மூட்டுத் திரவம்.

ஆதாரம்_எங்கே

நைட்டூட்டி சார், எனக்கு எம்சிஎல் கிழிந்து ஆறு வாரம் பிரேஸ் போட்டதில் தானாகவே ஒட்டிவிட்டது. ஏசிஎல் மட்டும் ஏன் ஒட்டாது என்கிறீர்கள்? இரண்டும் லிகமென்ட்தானே.

நைட்டூட்டி_ஆர்த்தோ

இரண்டும் இருக்கும் இடம் வேறு. எம்சிஎல் மூட்டு உறைக்கு வெளியே, சதையும் ரத்த ஓட்டமும் சூழ்ந்த இடத்தில் இருக்கிறது. கிழிந்த முனைகளுக்கு நடுவே ரத்தம் உறையும், அந்த உறைவின்மேல் புதுத் திசு வளரும். ஏசிஎல் இருப்பது மூட்டுக்குள். அங்கே ஊறும் திரவம் அந்த உறைவைக் கரைத்துவிடுகிறது. ஒட்டுவதற்குப் பிடிமானமே இல்லாமல் முனைகள் சுருங்கி விலகிப்போகின்றன. அரிதாகச் சிலருக்கு ஒட்டிக்கொள்வது உண்டு, ஆனால் கபடிக்காரர் அதை நம்பி உட்கார முடியாது.

மாமாவின் கட்டுக்கும் இதுவே பதில். எலும்பை அசையாமல் வைத்தால் சேரும் என்பது அந்தக் கட்டின் கணக்கு, எலும்பு முறிவுக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் முட்டியின் நடுக்கூட்டில் இருக்கும் மூன்று சென்டிமீட்டர் நாரை வெளியிலிருந்து எந்தக் கட்டும் எட்டிப் பிடிக்க முடியாது.

பாளை_பிசியோ

அத்தோடு, கட்டுப்போட்டு மூன்று வாரம் நீட்டியபடியே வைத்திருந்தால் தொடை சூம்பிவிடும், முட்டி இறுகிவிடும். அப்படி வருகிற பையன்களுக்கு மறுபடி முட்டியை மடக்க வைப்பதிலேயே எங்கள் பாதி உயிர் போகிறது. வீங்கிய முட்டியில் எண்ணெய் போட்டு உருவுவதும் வேண்டாம்.

நடக்க முடிகிறதே என்று கேட்டீர்களே தம்பி. நேராக நடப்பதற்கு ஏசிஎல் அவ்வளவாகத் தேவையில்லை. முன்தொடையும் பின்தொடையும் சமாளித்துக்கொள்ளும். நேராக ஓடக்கூட முடியும். திரும்பும் நொடியில்தான் ஆள் மாட்டிக்கொள்வார். படியில் இறங்கித் திரும்பும்போது நழுவியது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கு உங்கள் மொத்தப் பதிவிலும் கவலை தந்த வரி அதுதான். ஏசிஎல் போனதுகூட அப்புறம்தான்.

ஏன் என்று சொல்கிறேன். ஏசிஎல் இல்லாத முட்டியில் கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவப் பார்க்கும்போது, அதைத் தடுக்க அடுத்ததாக நிற்பது உள்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதி. குமிழுக்கும் தளத்துக்கும் நடுவே ஆப்புப்போல மாட்டி நிறுத்துகிறது. வெளிப்பக்க மெனிஸ்கஸ் இந்த வேலைக்கு வருவதில்லை, ஏனென்றால் அது நகர்ந்து விலகிக்கொள்ளும். முட்டியை முழுதாக மடக்கும்போது வெளிப்பக்கம் சுமார் 11 மில்லிமீட்டர் பின்னால் போகிறது, உள்பக்கம் சுமார் 5 மில்லிமீட்டர்தான். உள்பக்க மெனிஸ்கஸ் எம்சிஎல்லின் ஆழ்ந்த இழைகளோடு தைத்ததுபோல் ஒட்டியிருக்கிறது. வெளிப்பக்கத்தில் எல்சிஎல் மெனிஸ்கஸைத் தொடுவதே இல்லை, நடுவில் பாப்லிட்டியஸ் தசைநாண் ஓடுகிறது. நகர முடியாதது நசுங்கும்.

ஏசிஎல் கிழிந்த அன்றைக்கே பார்த்தால் வெளிப்பக்க மெனிஸ்கஸ் கிழிசல்தான் அதிகமாக இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் நழுவவிட்டு வருகிறவர்களிடம் இதனால்தான் உள்பக்கக் கிழிசல் கூடிக்கொண்டே போகிறது. 1950-ல் ஓடோனஹியூ என்ற அமெரிக்க டாக்டர் 'ஏசிஎல், எம்சிஎல், உள்பக்க மெனிஸ்கஸ் மூன்றும் சேர்ந்து போகும்' என்று எழுதினார், இன்றைக்கும் கோச்சுகள் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1991-ல் ஷெல்போர்னும் நிட்ஸும் புதிதாக அடிபட்ட முட்டிகளை உள்ளே பார்த்தபோது, அந்த மூவரில் மூன்றாமவர் பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் இருந்தார்.

ஆதாரம்_எங்கே

எல்லாம் சரி. ஆனால் ஆபரேஷன் இல்லாமலே பாதிப்பேர் சமாளிக்கிறார்கள் என்று ஸ்வீடன் ஆய்வு ஒன்று சொல்கிறதே? ஹைன்ஸ் வார்டு ஒரு முட்டியில் ஏசிஎல்லே இல்லாமல் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடி, சூப்பர் பவுல் இறுதியில் சிறந்த ஆட்டக்காரர் விருதே வாங்கினார். உடனே கத்தியை எடுக்கச் சொல்வது வியாபாரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நைட்டூட்டி_ஆர்த்தோ

அந்த ஆய்வு நல்ல ஆய்வு, முழுதாகச் சொல்ல வேண்டும். 2010-ல் வெளியானது. ஏசிஎல் கிழிந்த 121 இளவயதுக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே ஆபரேஷனும் பயிற்சியும். மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்து வலியிலும் செயல்பாட்டிலும் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டாம் குழுவின் 59 பேரில் அதற்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் 23 பேர், ஐந்து வருடத்தில் அது பாதியாகிவிட்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, எல்லோருக்கும் உடனே கத்தி தேவையில்லை என்பது. அலுவலக வேலை, வாரம் இரண்டு நாள் நடை என்று இருப்பவருக்கு முதலில் பயிற்சியையே சொல்வேன். ஆனால் அவர்கள் செய்தது கண்காணிப்போடு ஒழுங்கான பயிற்சி. சும்மா இருந்துவிட்டுத் தை மாதம் மேட்டில் இறங்குவது அந்த ஆய்வில் இல்லவே இல்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களையும் அதில் சேர்க்கவில்லை. ஹைன்ஸ் வார்டு மாதிரி ஆட்கள் உண்டு, ஏசிஎல் இல்லாமலும் முட்டி நழுவாதவர்கள். தம்பிக்கு ஏற்கெனவே இரண்டு தடவை நழுவிவிட்டதே.

பழைய_ஸ்டாப்பர்

பேச்சு ஏசிஎல்லையே சுற்றுகிறது. மெனிஸ்கஸைப் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு அது இல்லை.

கல்லூரி கால்பந்து டீமில் ஸ்டாப்பர் பேக் ஆடிய காலத்தில் இடது முட்டி அடிக்கடி மாட்டிக்கொள்ளும். அப்போதெல்லாம் கேமரா விட்டுத் தைக்கிற வசதி நம்ம ஊர்ப் பக்கம் கிடையாது. திறந்து, வெளிப்பக்க மெனிஸ்கஸை முழுதாக எடுத்துவிட்டார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சீக்கிரமே திரும்ப வந்து ஆடினேன். வலி இல்லை, மாட்டவும் இல்லை. டாக்டரைக் கும்பிட்டேன். நாற்பது வயதில் ஆரம்பித்தது. இப்போது 58, முட்டி உள்பக்கம் வளைந்துவிட்டது, மாற்று மூட்டுக்கு நாள் பார்க்கச் சொல்கிறார்கள். வலது முட்டி இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது.

தம்பிக்குச் சொல்வது, சீக்கிரம் ஆடலாம் என்பதற்காக எதையும் வெட்டி எடுக்கச் சம்மதிக்காதே.

நைட்டூட்டி_ஆர்த்தோ

ஸ்டாப்பர் சார், உங்களுக்குச் செய்தது அந்தக் காலத்து வழக்கம்தான். 1897-ல் பிளாண்ட்-சட்டன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மெனிஸ்கஸ் என்பது காலில் எப்போதோ இருந்த தசையின் வேலையற்ற மிச்சம் என்றே எழுதிவைத்தார். அந்த எண்ணம் ரொம்ப நாள் உயிரோடு இருந்தது. இத்தனைக்கும் அதற்கு முன்பே, 1883-ல், எடின்பரோவில் தாமஸ் அனன்டேல் ஒரு மெனிஸ்கஸைத் தைத்துக் காட்டியிருந்தார். மெனிஸ்கஸ் எடுத்த முட்டிகளின் எக்ஸ்ரேயில் இடைவெளி குறைந்து, எலும்பு ஓரத்தில் முளைவிடுவதை ஃபேர்பேங்க் எழுதியது 1948-ல். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

மெனிஸ்கஸ் பிறைவடிவக் குருத்தெலும்பு. வெளி ஓரம் தடிப்பு, உள் ஓரம் மெல்லிசு. உருண்டைக் குமிழுக்கும் தட்டைத் தளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பி, எடையைப் பரப்பிவிடுகிறது. கால் நேராக இருக்கும்போது முட்டியில் இறங்கும் எடையில் பாதியளவு மெனிஸ்கஸ் வழியாகப் போகிறது. 90 டிகிரி மடக்கினால் சுமார் 85 சதவீதம். குந்தி உட்கார்ந்து பழகிய நமக்கு இந்த இரண்டாவது எண் முக்கியம்.

எடை இறங்கும்போது இந்தப் பிறை வெளிப்பக்கமாகப் பிதுங்கப் பார்க்கும். அதைத் தடுப்பது அதற்குள் சுற்றிவர ஓடும் நார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா எப்படியோ அப்படி. பட்டாவில் நீளவாட்டில் ஒரு கீறல் விழுந்தால் சக்கரம் இன்னும் ஓடும். குறுக்கே ஒரே ஒரு வெட்டு விழுந்தால், இரும்பு அத்தனையும் அப்படியே இருந்தாலும் பட்டாவால் பயனில்லை. அதனால் ரிப்போர்ட்டில் கிழிசல் எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட, எந்தத் திசையில் என்று பாருங்கள். 'லாஞ்சிடியூடினல்' என்றால் நீளவாட்டு, நார்கள் தொடர்ச்சியாக இருக்கின்றன, தைக்க வசதி. 'ரேடியல்' என்றால் குறுக்குவெட்டு.

உங்களுக்கு எடுத்தது வெளிப்பக்கம் என்கிறீர்கள். அங்கே தளம் மேடு என்று முதலிலேயே சொன்னேன். உருண்டைக் குமிழும் மேட்டுத் தளமும் நேருக்கு நேர் ஒரே புள்ளியில் அழுத்தும். அதனால் வெளிப்பக்க மெனிஸ்கஸ் இழந்த முட்டி, உள்பக்கம் இழந்ததைவிட வேகமாகத் தேய்கிறது.

கோலமாவு

வணக்கம், எனக்கு விளையாட்டெல்லாம் இல்லை, வயது 53. மார்கழியில் வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்தபோது முட்டிக்குப் பின்னால் படக்கென்று ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து படி ஏறவே முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், வயசாச்சு, தேய்மானம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இங்கே எல்லோரும் பேசுவதைப் படித்ததும் சந்தேகம் வந்தது. எனக்கும் இந்த மெனிஸ்கஸ்தானா?

நைட்டூட்டி_ஆர்த்தோ

அக்கா, நீங்கள் சொல்வது எனக்கு உடனே மணியடிக்கிறது. மெனிஸ்கஸ் இரண்டு முனைகளிலும் வேர்போல எலும்பில் பிடித்திருக்கிறது. உள்பக்க மெனிஸ்கஸின் பின்வேர் அறுவது நடுவயதுப் பெண்களிடம்தான் அதிகம், அதுவும் தரையில் உட்கார்ந்து எழும் பழக்கமுள்ள நாடுகளில். குந்தியிருந்து எழும்போது பின்னால் 'படக்' என்பதுதான் அவர்களில் பலர் சொல்லும் கதை. வேர் அறுந்தால் மெனிஸ்கஸில் ஒரு துணுக்கும் குறையாது, ஆனால் பிடிமானம் போய் மொத்தமும் வெளியே பிதுங்கும். எலும்பில் ஏறும் அழுத்தத்தைப் பொறுத்தவரை அது மெனிஸ்கஸை முழுதாக எடுத்ததற்குச் சமம் என்று ஆய்வகத்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் இது தெரியாது. மூட்டு மருத்துவரிடம் எழும்போது அறுந்த மாதிரி இருந்தது என்று இதே வார்த்தையில் சொல்லி, எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். மூட்டு இன்னும் அதிகம் தேயாதிருந்தால் வேரை எலும்போடு சேர்த்துத் தைக்க வழி உண்டு. நாள் தள்ளாதீர்கள்.

ஆதாரம்_எங்கே

மறுபடி நான்தான். அப்படியானால் ஐம்பது தாண்டியவர்கள் எல்லோரும் எம்ஆர்ஐ எடுத்துத் தைத்துக்கொள்ள வேண்டுமா? மெனிஸ்கஸ் ஆபரேஷனும் போலி ஆபரேஷனும் ஒன்றுதான் என்று ஃபின்லாந்தில் நிரூபித்தார்களே.

பாளை_பிசியோ

இந்தத் தடவை நான் உங்கள் பக்கம். 2013-ல் வந்த ஃபின்லாந்து ஆய்வில் 35 முதல் 65 வயது வரை 146 பேர். வயதோடு நைந்து கிழிந்த உள்பக்க மெனிஸ்கஸ், மூட்டுத் தேய்மானம் இல்லாதவர்கள். பாதிப்பேருக்குக் கிழிந்த பகுதியைச் செதுக்கினார்கள், மீதிப்பேருக்குத் தோலில் வெட்டுப்போட்டுச் செதுக்கியதுபோல் நடித்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டும் ஒன்றுதான். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 991 பேருக்குச் சும்மா எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் வலியே இல்லை. அதனால் நடுவயதில் ரிப்போர்ட்டில் கிழிசல் என்று பார்த்ததும் பயந்து ஓட வேண்டாம். எடையைக் குறைத்து, தொடையைப் பலப்படுத்தினாலே பெரும்பாலோருக்கு வலி அடங்குகிறது.

ஆனால் அது நைந்த கிழிசல், ஓரத்தைச் செதுக்கும் ஆபரேஷன். அக்காவுக்குச் சந்தேகப்படுவது ஒரே நொடியில் அறுந்த வேர். தம்பிக்கு இருப்பது 24 வயதில் நல்ல மெனிஸ்கஸில் விழுந்த புதுக் கிழிசல், ஏசிஎல்லும் இல்லை. மூன்றுக்கும் ரிப்போர்ட்டில் 'டேர்' என்று ஒரே சொல்தான் இருக்கும், சிகிச்சை வேறு வேறு.

இன்னொன்று, 'மெனிஸ்கஸ் கிரேடு 2' என்று வந்தால் அது கிழிசலே இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் நிறம் மாறியிருக்கிறது, மேற்பரப்பைத் தொடவில்லை, அவ்வளவுதான். கிரேடு 3 என்றால்தான் கிழிசல். லிகமென்டில் கிரேடு 2 என்றால் பாதிக் கிழிசல். இரண்டையும் குழப்பிக்கொண்டு தூக்கம் கெட்டு வருகிறவர்கள் என்னிடம் நிறைய.

பைபாஸ்_ரைடர்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பைக்கில் போய் மடக்கிய முட்டி கார் பம்பரில் இடித்தது. பிசிஎல் கிழிசல் என்றார்கள், ஆனால் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள். ஏன்?

நைட்டூட்டி_ஆர்த்தோ

பிசிஎல் கீழ்க்கால் எலும்பு பின்னால் போகாமல் பிடிப்பது. மடக்கிய முட்டியில் முன்னாலிருந்து இடி விழுந்தால் அதுதான் கிழியும். அது ஏசிஎல்லைவிடத் தடிமன், மேலே உறையும் ரத்த ஓட்டமும் உண்டு. தனியாகக் கிழிந்திருந்தால் பிரேஸும் முன்தொடைப் பயிற்சியுமே பலருக்குப் போதும். ஆனால் எல்லோரும் ஒன்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: வண்டி விபத்தில் முட்டி விலகி, பாதம் குளிர்ந்தோ வெளுத்தோ போனால், முட்டிக்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அடிபட்டிருக்கலாம். ரத்த ஓட்டத்தைச் சில மணி நேரத்துக்குள் மீட்காவிட்டால் காலே போய்விடும். அங்கே லிகமென்ட்டைப் பற்றியே யோசிக்கக்கூடாது, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

கோச்_அண்ணன்

தம்பி, இருபது வருடமாகப் பையன்களைத் தயார் செய்கிறேன். மண்ணில் ஆடும்போது பாதம் கொஞ்சம் சறுக்கிக் கொடுக்கும், மேட்டில் ரப்பர் ஷூ போட்டால் கொடுக்காது. பாதம் சறுக்காவிட்டால் முறுக்கு முழுக்க முட்டிக்குத்தான் போகும். மண் தரையில் பழகிய பையனை நேராகப் போட்டியன்று மேட்டில் இறக்குவதை நான் நிறுத்திவிட்டேன். குதித்து இறங்கும்போது முட்டிகள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே சாய்கிற பையன்களைத் தனியாக நிறுத்தி, ஒற்றைக்காலில் இறங்க வைத்துப் பழக்குகிறோம். கால்பந்துக்கு ஃபிஃபா கொண்டுவந்த 11 பிளஸ் வார்ம்-அப்பில் இருந்து எடுத்ததுதான்.

தை மாதம் என்று சொல்கிறாயே, எந்தத் தை? இந்தத் தை கிடையாது. கால்பந்து ஆட்டக்காரர் இப்ராகிமோவிச் ஏசிஎல் கிழிந்து 7 மாதத்தில் வந்தார் என்று யாராவது சொல்வார்கள், காதில் வாங்காதே.

பாளை_பிசியோ

அண்ணன் சொன்னது சரி. நார்வேயிலும் அமெரிக்காவிலும் ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து பார்த்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகு 9 மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளும்போதும் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காரணம் உள்ளே இருக்கிறது. ஆபரேஷனில் ஏசிஎல்லுக்குப் பதிலாகப் புது நாராக வைப்பது பின்தொடையிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ எடுத்த தசைநாண். அது முதலில் ரத்த ஓட்டமில்லாமல் செத்து, மெல்ல மெல்லப் புது ரத்தக்குழாய்களும் செல்களும் ஊடுருவி லிகமென்டாக மாறுகிறது. வலியும் வீக்கமும் போய், 'நான் ரெடி' என்று பையன் நினைக்கும் இரண்டு மூன்று மாத வாக்கில்தான் அந்த நார் பலவீனமாக இருக்கும். நெய்மருக்கு 2023 அக்டோபரில் மான்டிவிடியோவில் ஏசிஎல்லும் மெனிஸ்கஸும் ஒன்றாகப் போயின. உலகத்தின் எல்லா வசதியும் இருந்தும் மறுபடி களமிறங்க ஒரு வருடம் ஆனது.

இடதுகார்னர்

எல்லோருக்கும் நன்றி. மாமாவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன், முணுமுணுத்துவிட்டுச் சரி என்றார். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போகிறேன். என்ன கேட்க வேண்டும்? ஸ்டாப்பர் அண்ணா சொன்னதைப் படித்ததில் இருந்து மெனிஸ்கஸ்தான் பயமாக இருக்கிறது.

நைட்டூட்டி_ஆர்த்தோ

பயப்படுவது சரியான இடத்தைப் பார்த்துத்தான். ஏசிஎல்லுக்கு மாற்று நார் உங்கள் உடம்பிலேயே இருக்கிறது, மெனிஸ்கஸுக்கு அப்படி இல்லை. வெளியார் மெனிஸ்கஸைப் பொருத்தும் ஆபரேஷன் உண்டு, ஆனால் அது கடைசி வழி. அதனால் முதல் கேள்வி: மெனிஸ்கஸைத் தைப்பீர்களா, செதுக்குவீர்களா? உங்கள் ரிப்போர்ட்டில் 'ஓரத்தை ஒட்டி' என்று இருக்கிறது, அது நல்ல செய்தி. மெனிஸ்கஸுக்கு ரத்த ஓட்டம் வெளி ஓரத்தில் மட்டும்தான் என்று அர்னோக்ஸ்கியும் வாரனும் 1982-ல் காட்டினார்கள், அகலத்தில் 10 முதல் 30 சதவீதம் வரைதான். உள்பகுதி திரவத்தை உறிஞ்சிப் பிழைக்கிறது, தைத்தாலும் சேருவது கஷ்டம். ஓரத்துக் கிழிசல் சேரும். ஏசிஎல்லைச் சேர்த்துச் செய்யும்போது எலும்பைத் துளைப்பதால் வரும் ரத்தமும் மஜ்ஜையும் தையல் சேர உதவுகின்றன, தனியாகத் தைப்பதைவிட அப்போது நன்றாகவே சேருகிறது.

இரண்டாவது, எந்த நாரை எடுப்பீர்கள் என்று கேளுங்கள். சில்லுக்குக் கீழே எடுத்தால் எலும்போடு எலும்பு சேர்வதால் பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் மண்டியிடும்போது முன்பக்கம் வலிக்கும். கார்னர் ஆட்டக்காரருக்கு மண்டியிடாமல் ஆட்டமே இல்லை. பின்தொடையில் எடுத்தால் அந்த வலி குறைவு, ஆனால் பின்தொடைப் பலம் கொஞ்சம் குறையும். கணுக்கால் பக்கத்து பெரோனியஸ் நாண் எடுப்பதும் நம் நாட்டில் இப்போது நிறைய நடக்கிறது. எது என்று டாக்டர் முடிவு செய்யட்டும், ஆனால் நீங்கள் கபடி, கார்னர் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், தைத்தால் சம்மணமும் குந்துவதும் எத்தனை மாதம் கூடாது என்று கேளுங்கள். முட்டியை ஆழமாக மடக்கினால் தையல் இருக்கும் பின்பகுதியில்தான் அழுத்தம் ஏறும். செதுக்கினால் சீக்கிரம் ஆடலாம், தைத்தால் தாமதமாகும். பல பையன்கள் அந்தக் கணக்கில்தான் தவறான பக்கம் சாய்கிறார்கள்.

பாளை_பிசியோ

அதற்கு முன்னால் இன்றைக்கே ஒன்று செய்து பார்த்துச் சொல்லுங்கள். கட்டிலில் குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி இரண்டு காலையும் நீட்டுங்கள். வீட்டில் யாரையாவது இரண்டு குதிகால்களும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முட்டி முழுதாக நீளாமல் ஆபரேஷனுக்குப் போனால் அப்புறம் இறுகிக்கொள்ளும்.

இடதுகார்னர்

அம்மா ஸ்கேல் வைத்துப் பார்த்தார். வலது குதிகால் 4 செ.மீ. மேலே நிற்கிறது.

பாளை_பிசியோ

ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், 4 டிகிரி பாக்கி. நீட்டும்போது ஏதோ உள்ளே இடித்துச் சட்டென்று நின்றுவிடுகிறதா, இல்லை பின்னால் இழுத்துப் பிடிக்கிறதா? இடித்தால் மெனிஸ்கஸ் துண்டு புரண்டு நடுவில் மாட்டியிருக்கலாம், 'பக்கெட் ஹேண்டில்' என்பார்கள். அப்படியென்றால் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போங்கள், இழுத்து நீட்டவும் கூடாது.

இடதுகார்னர்

இடிக்கவில்லை அக்கா. பின்னால் இழுக்கிறது, தொடை நடுங்குகிறது.

பாளை_பிசியோ

சரி, அப்படியானால் அது தசை. உட்கார்ந்து குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டு வையுங்கள், முட்டிக்குக் கீழே எதுவும் வேண்டாம். முட்டியைப் படுக்கையில் அழுத்துகிற மாதிரி முன்தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுங்கள். காலை, மதியம், ராத்திரி. பிறகு ஐஸ். முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவதை இன்றோடு நிறுத்துங்கள், முட்டி மடங்கியே பழகிவிடும். டாக்டரிடம் போகும் முந்தின நாள் அம்மாவை மறுபடி அளக்கச் சொல்லி இங்கே போடுங்கள். அந்த 4 செ.மீ. கதையை டாக்டரிடமும் சொல்லுங்கள், தேதி குறிக்கும்போது அவருக்கு அது தேவைப்படும்.